ஆயுளை வளர்த்த அம்மையார் டாக்டர் ஐடா ஸ்கடர்

(பத்தாம் வகுப்பு மாணவி, கிருஷ்ணன்கோவில்)

பிறந்த நாளன்று பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்கினால், நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார்கள். உலகெங்கும் உள்ள தாய் தந்தையர் தம் மக்களை இவ்வாறுதான் வாழ்த்துகின்றனர். ஆனால் அந்த வாழ்த்து எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் பலிப்பதில்லை. இன்று ஜப்பானில் பிறக்கும் குழந்தை சராசரியாக 84 ஆண்டுகள் வாழும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இலங்கையில் 77 ஆண்டுகள். நம் இந்தியாவில் சுமார் 72 ஆண்டுகள். ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா, சாட் போன்ற நாடுகளில் சுமார் 55 ஆண்டுகள்தாம். ஒரே சூரியன், ஒரே நிலா, ஒரே இறைவன். அப்படியிருக்க ஆயுளில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு?

இக்கேள்வி சமூக அறிவியல் வகுப்பில் எழுந்தபோது நாங்கள் ஆளுக்கொரு விடை சொன்னோம். பணம் என்றாள் ஒருத்தி. உணவு என்றாள் மற்றொருத்தி. எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றாள் இன்னொருத்தி. பணம்தான் காரணம் என்றால், மருத்துவத்திற்கு உலகிலேயே மிக அதிகம் செலவிடும் அமெரிக்காவில் ஆயுள் நூறையாவது எட்டியிருக்க வேண்டும். அங்கும் சுமார் 79 ஆண்டுகள்தாம். அதைவிடப் பன்மடங்கு எளிய நாடான இலங்கை அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆண்டவர் சித்தம் என்றாலோ, அவர் ஒரு நாட்டுப் பிள்ளைக்குக் கூட்டியும் மற்றொரு நாட்டுப் பிள்ளைக்குக் குறைத்தும் அளப்பவர் அல்லர். அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? அதை ஒரு பெண்மணியின் வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அவர்தாம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க் நகர மருத்துவர். 1819-ஆம் ஆண்டு அவர் கப்பலேறி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் தொண்டு புரிந்தார். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பலர் தென்னாட்டிலேயே ஊழியம் செய்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவருக்கு, 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் மகளாகப் பிறந்தார் ஐடா. ஐந்து அண்ணன்மார்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கை என்பதால் செல்லமாக வளர்ந்தார்.

அந்தச் செல்லக் குழந்தை கண்ட முதல் துயரம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். எலும்பும் தோலுமாய் வந்து நின்ற பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிவிட்ட கை, சிறுமி ஐடாவின் கை. அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு நீங்கவேயில்லை.

பிறகு படிப்பதற்காக அமெரிக்கா சென்றார். அங்கே நல்ல தோழிகள், நல்ல உடை, கலகலப்பான வாழ்க்கை. வெயிலும் பசியும் நோயும் நிறைந்த இந்தியாவுக்கு இனித் திரும்புவதில்லை என்று உறுதி கொண்டார். தம் குடும்பத்தார் எல்லாரும் ஊழியத்திற்குச் செல்லட்டும், தாம் மட்டும் போவதில்லை என்பது அவருடைய எண்ணம். மகான்கள் பிறக்கும்போதே மகான்களாகப் பிறப்பதில்லை என்பதை இங்கே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கதவைத் தட்டிய மூவர்

1890-ஆம் ஆண்டு தாயாருக்கு உடல்நலம் குன்றியதால், அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். ஓர் இரவு அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது.

அன்றிரவு விளக்கொளியில் அவர் அமர்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெளியே ஓர் இளம் பிராமணர் பதற்றத்துடன் நின்றார். தம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டதாகவும் கூறி, உடனே வரும்படி வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையார்தாம் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. வந்தவர் திடுக்கிட்டார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று சொல்லித் தலைகுனிந்து திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஒரு முஸ்லிம் அன்பர். அதே வேண்டுகோள், அதே மறுமொழி, அதே வருத்தம். மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் வேறொரு மேல்குலத்து இந்து. அவரும் அவ்வாறே திரும்பினார்.

ஐடா இரவு முழுவதும் உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று வீட்டிலும் மூன்று தாய்மாரும் இறந்துபோயிருந்தனர். அவர்களில் ஒருத்தி ஏறக்குறைய நம் வயதினள்.

தோழியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். அந்த மூன்று பெண்களும் மருத்துவர் இல்லாமலா இறந்தார்கள்? மருத்துவர் அந்த வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே இருந்தார். மருந்தும் இருந்தது, கருவியும் இருந்தது, வர மனமும் இருந்தது. வாசற்படியைத் தாண்டிச் செல்ல வழிதான் இல்லை. ஆயுளைக் கூட்டும் அறிவு உலகத்தில் இருந்தாலும், அது தேவைப்படுகிறவர் படுத்திருக்கும் இடத்திற்குச் சென்று சேரவில்லை. ஒரு நாட்டினர் நீண்ட நாள் வாழ்வதற்கும் மற்றொரு நாட்டினர் விரைவில் மடிவதற்கும் அடிப்படைக் காரணம் இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அன்று காலை ஐடா தம் பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் படித்து இந்நாட்டுப் பெண்களுக்குத் தொண்டு செய்யப் போவதாகத் தெரிவித்தார்.

படிப்பும் பணியின் தொடக்கமும்

நம் நாட்டில்தான் பெண்களுக்குத் தடை இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவிலும் அக்காலத்தில் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கவில்லை. முதலில் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்த ஐடா, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கே சேர்ந்து 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் புறப்படுமுன், வங்கி முதலாளியான செல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையாரின் அருகிலிருந்து அனுபவம் பெறலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். துணையில்லாத இளம் பெண் மருத்துவரிடம் மக்கள் எளிதில் வரவில்லை. வேலூரில் தந்தையாரின் வீட்டில் ஒரு சிறு அறை. அதில் ஒரே ஒரு கட்டில். உதவிக்கு இருந்தவர் பயிற்சி பெற்ற நர்சு அல்லர், வீட்டில் வேலை செய்துவந்த ஒரு பெண்மணி. இவ்வளவே அன்றைய வேலூர் மருத்துவமனை! மெல்ல மெல்லப் பெண்கள் வரத் தொடங்கினர். பிறகு கூட்டம் தாங்கவில்லை. 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் செல் மருத்துவமனை எழுந்தது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனை கட்டியதும் கடமை முடிந்தது என்று அம்மையார் அமர்ந்துவிடவில்லை. கிராமத்துப் பெண் வேலூருக்கு வர வேண்டுமானால் வண்டி வேண்டும், கூலியை விட வேண்டும், வீட்டார் இசைவு வேண்டும். அவள் வர முடியாவிட்டால் மருத்துவம் அவளைத் தேடிப் போகட்டும் என்று முடிவு செய்தார். வாரந்தோறும் குறித்த நாளில் மருந்துப் பெட்டிகளுடன் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். ஆங்காங்கே மரநிழலில் நோயாளிகள் காத்திருப்பார்கள். புண், கண்நோய், பல்வலி, காய்ச்சல், தொழுநோய் என்று எதுவாயினும் அங்கேயே பார்த்து மருந்து கொடுத்தார். முதன்முதலாக மோட்டார் கார் வாங்கி அதில் அவர் சென்றபோது, மாடு இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினார்களாம். பிறகு அதே காரின் சத்தத்திற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்று நம் ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிப் பெண்களின் பெயரைப் பதிவு செய்து ஊசி போடுகிறார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நோயாளி வரும்வரை காத்திராமல் நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் இந்த எண்ணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே புளிய மரத்தடியில் செய்து காட்டியவர் ஐடா அம்மையார்.

பெண்களுக்கு ஒரு கல்லூரி

எத்தனை நாள் ஓடினாலும் இரண்டு கைகளால் எத்தனை உயிரைக் காப்பாற்ற முடியும்? இந்நாட்டுப் பெண்களை இந்நாட்டுப் பெண்களே காக்க வேண்டும் என்று அம்மையார் கண்டார். 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்துப் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டார். சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி நகைத்தார். ஆறு பெண்கள் விண்ணப்பித்தால் தொடங்கிக் கொள்ளலாம் என்றாராம். வந்த விண்ணப்பங்கள் 151!

1918-ஆம் ஆண்டு பள்ளி திறக்கப்பட்டது. போதிய கட்டடம் இல்லை, நூல்கள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை. முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணத்து ஆண் மாணவர்களில் பலர் தவறினர். வேலூர்ப் பெண்களோ ஒருவர் விடாமல் தேறினர். 1922-இல் முதல் அணியைச் சேர்ந்த 14 பேர் மருத்துவராக வெளிவந்தனர். பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். திண்டிவனத்தில் அந்த இரவு ஒரே ஒருத்தி இருந்திருந்தால் மூன்று தாய்மார் பிழைத்திருப்பார்களே!

நம் திருச்சபையின் கன்னியர்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூற விரும்புகிறோம். துறவறம் பூண்ட சகோதரிகள் மருத்துவத் தொழில், அதிலும் பிரசவ மருத்துவம், செய்வதற்கு அக்காலத்தில் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி 1920-இல் குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். பாப்பரசரின் தனி அனுமதி பெற்று ஆயிரமாயிரம் ஏழைப் பெண்களுக்கு மருத்துவம் செய்தார். 1936-இல் அந்தத் தடை எல்லாருக்கும் நீங்கியது. 1943-இல் அவரே கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார். சபைகள் வேறானாலும் வேலூரிலும் குண்டூரிலும் கேட்டது ஒரே தாயின் அழுகுரல் அல்லவா?

சராசரி என்பது என்ன?

1900-ஆம் ஆண்டளவில் இந்தியரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்கூட இல்லை. இதைப் படித்ததும், அக்காலத்தில் எல்லாரும் 25 வயதில் இறந்துவிட்டார்களா என்று நாங்கள் வியந்தோம். எங்கள் கணக்கு ஆசிரியை கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டு விளக்கினார். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் பிறக்கின்றனர். இருவர் பிறந்த உடனே இறந்துவிடுகின்றனர். மூவர் 70 வயது வரை வாழ்கின்றனர். ஐவரின் சராசரி 42 தான். ஆகவே அந்தக் காலத்திலும் கிழவர்கள் இருந்தார்கள். சராசரியைக் கீழே இழுத்தது தொட்டிலும் பிரசவ அறையுமே.

இது உண்மைதானா என்று அவரவர் வீட்டில் விசாரித்தோம். எங்களில் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டி ஒன்பது பிள்ளை பெற்று நான்கைத்தான் வளர்த்தாராம். போன ஐவரின் பெயர்கூட இன்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அன்று கிருஷ்ணன்கோவிலில் இடுப்பு வலி எடுத்தால் மாட்டு வண்டிதான். இன்று 108-க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. சுதந்திரம் அடைந்தபோது சுமார் 32 ஆக இருந்த நம் ஆயுள் 72 ஆக உயர்ந்தது இப்படித்தான். சுத்தமான குடிநீர், தடுப்பூசி, பள்ளிகளில் சத்துணவு, அருகில் பயிற்சி பெற்ற ஒரு பெண், இவை சேர்ந்து செய்த வேலை இது. இலங்கை பெரும் செல்வம் இல்லாமலே முந்திக்கொண்டதற்கும் காரணம் இதுவே. அங்கே 1945 முதல் இலவசக் கல்வி கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை வைத்தார்கள்.

நம் நாட்டுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. 2018 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி, ஒரு இலட்சம் பிரசவங்களில் இறந்த தாய்மார் இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 97 பேர். அசாமில் 195, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஒரே சட்டம், ஒரே நாணயம். பெண்கள் எல்லாருக்கும் முன்னதாகப் பள்ளிக்குச் சென்ற மாநிலத்தில் தாய்மார் பிழைக்கின்றனர்.

இறுதிக் காலம்

அம்மையாரின் வழியில் முள்ளும் இருந்தது. மருத்துவப் பள்ளிகள் எல்லாம் பட்டப்படிப்பு அளிக்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசு கட்டளையிட்டபோது வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். கல்லூரி பிழைத்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதன் முதல் இந்திய இயக்குநராக வந்தவரும் ஒரு பெண்மணிதான், டாக்டர் ஹில்டா லாசரஸ். தாம் ஏற்றிய விளக்கை இந்நாட்டுப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ஐடா அம்மையார் கொடைக்கானலில் ஓய்வு பெற்றார். மாணவியர் அன்போடு அத்தை என்றழைத்த அவர், 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு எத்தனை ஆயிரம் பிள்ளைகள்!

நாம் செய்ய வேண்டியது

ஒன்பதாம் வகுப்பு வரை எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த தோழி ஒருத்தி இவ்வாண்டு வரவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பெண்ணுக்குத் திருமண வயது 18 என்று 1978-இலேயே சட்டம் வந்துவிட்டது. அவள் எங்களைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். திண்டிவனத்தில் இறந்த அந்தச் சிறு பெண்ணைப் பற்றிப் படித்த அன்று, எங்கள் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தை நாங்கள் யாரும் பார்க்கத் துணியவில்லை.

அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. மழை பொய்த்த வருஷத்தில் கட்டணம் கட்ட நீங்கள் படும் பாட்டை நாங்கள் பார்க்கிறோம். ஆனாலும் பணிவோடு ஒன்று கேட்கிறோம். எங்களை இன்னும் சில ஆண்டுகள் படிக்க விடுங்கள். படித்த தாயின் குழந்தை பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று உலகத்துக் கணக்குகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. நாங்கள் எல்லாரும் டாக்டராக முடியாது. ஆனால் காய்ச்சலைக் கண்டால் தாமதிக்காமல் புறப்படவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், தடுப்பூசி அட்டையைப் படிக்கவும் தெரிந்த பெண்களாக நாங்கள் எல்லாரும் ஆகலாம்.

பொதுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் நால்வர் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் பேசுவதாக இருக்கிறோம். எங்கள் வகுப்புச் சிஸ்டரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐடா அம்மையாரின் வீட்டுக் கதவை மூன்று பேர் தட்டினார்கள். நாங்கள் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிப் பார்க்கிறோம். திறக்க வேண்டும் என்று அன்னை மரியாளிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.